நின்ற நாள் கணக்கு

எண்ணூர் நெடுஞ்சாலையில் மூன்றாவது ராத்திரி.
எனக்கு முன்னால் நாற்பத்தொரு டிரெய்லர்.
பின்னால் எண்ணவில்லை.
காசிமேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ
துறைமுகத்தின் கேட் திறந்திருக்கிறது என்கிறார்கள்.

ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன்
அஞ்சல்வழிப் பாடம், நான்காம் அலகு:
பழைய கிரேக்கர்களின் வாதமுறை.
பக்கம் புரட்ட ஒரு கை, கொசுவுக்கு ஒரு கை.

நாய் என்று அவர்கள் சொன்னால்
தெருவில் குரைப்பதும் அதுதான்
கடலில் கடிப்பதும் அதுதான்
வானத்தில் எரிகிற ஒன்றும் அதுதானாம்.
பெயர் ஒன்று, பொருள் மூன்று.
பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவன் வாதாடினால்
வானத்து நாயைப் பிடிக்கவும்
கார்ப்பரேஷன் வண்டி வரும் என்று
ஓரத்தில் எழுதிவைத்தேன்.
பரீட்சைக்கு உதவாது.

சாவிக்கும் காறை எலும்புக்கும்கூட
அங்கே ஒரே சொல்.
போன வருஷம் கண்டெய்னர் கதவு திரும்பி அடித்ததில்
ஸ்டான்லியில் எனக்குக் கட்டுப் போட்டது
அந்த எலும்புக்குத்தான்.
மழைக் காற்று வந்தால்
எதையோ திறக்கப் பார்க்கிறது இன்னும்.

விடிந்ததும் மொபெட்டில் வந்தார் கன்னையா,
உரக் கம்பெனி நாற்றத்துக்கு மூக்கில் கைக்குட்டை,
கக்கத்தில் பதிவேடு.
"போன மாசம் மஸ்தான் நின்னுட்டான்.
அவனுக்குப் படி குடுத்தோமா? இல்ல.
நீ மூணு நாளா நின்னுகினு கீறே.
உனக்கு மட்டும் எப்படிக் குடுக்கிறது?"

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.
அதுதான் பயம்.
டீயை ஒரு வாய் குடித்த பிறகுதான்
தையல் எங்கே என்று தெரிந்தது.
மஸ்தான் வேலையை விட்டு நின்றான்.
மணலியில் மச்சான் கடையில் பேட்டரி விற்கிறான்,
மத்தியானத்தில் மல்லாந்து தூங்குகிறான்.
வேலைக்குள்ளேயே நிற்கிறவன் நான்,
மூன்று நாளாய்க் கால் நீட்டாதவன்.

"எந்த நிக்கிறது அண்ணே?" என்றேன்.
"நிக்கிறதுல என்னாடா ஒம்போது நிக்கிறது?"

எதிர்ச் சுவரைக் காட்டினேன்.
கும்பிட்ட கையோடு எங்கள் முதலாளி.
உரிமையாளர் சங்கத் தேர்தலில்
உங்களுக்காக நிற்கிறார்.
முட்டிக்குக் கீழே மாடு தின்றிருந்தது,
காலில்லாமல் நின்றார்.
"அவரும் நிக்கிறாரு.
அவருக்கும் கணக்கு முடிச்சிடலாமா?"

பின்வண்டி கிளீனர் பையன் இம்ரோஸ்
டீயைத் துப்பிச் சிரித்தான்.
கன்னையா சிரிக்கவில்லை. மூக்கிலிருந்து
கைக்குட்டையை எடுத்து மடித்தார்,
திரும்ப வைத்துக்கொண்டார்.

பாடத்தில் இத்தோடு வாதம் முடிந்துவிடுகிறது.
ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்துக் காட்டியவன் வென்றவன்,
மற்றவன் வாயடைத்து வீட்டுக்குப் போகிறான்.
இங்கே பேனா மற்றவனிடம் இருக்கிறது.
ஒன்றரை நாள் என்று எழுதினார்.
மூன்றில் எந்த ஒன்றரை என்று நான் கேட்கவில்லை.
கிளம்பும்போது புத்தகத்தைப் பார்த்து
"படி, நல்லாப் படி" என்றார்.
வாழ்த்தா, வசையா,
தர மறுத்த காசின் பெயரா,
மொபெட் புகையில் தெரியவில்லை.

நான்காவது ராத்திரி.
விசைப்படகுகள் திரும்பியிருக்கும்;
கீழே கூடை கூடையாய் மீன் இறங்கும்,
மேலே புகைக்கு நடுவே ஏழெட்டு மீன் மிச்சம்.
கிரேக்கனை மட்டும் சொல்லிப் பயனில்லை.

முன்னால் ஒரு பிரேக் விளக்கு அணைகிறது.
அப்புறம் இன்னொன்று.
சாவியைத் திருப்புகிறேன்,
தோளுக்குக் கீழே ஒன்று சேர்ந்து திரும்புகிறது.
இருபதடி போயிருப்பேன்.
நின்றேன்.